ஒரே கைத்துப்பாக்கியைக் கணவனும் மனைவியும் மாறி மாறி எடுத்துச் செல்லலாமா?

கேள்வி இது: "டெக்சஸில் டாலஸ் பக்கம் இருக்கிறோம். என் கணவர் பெயரில் வாங்கிய 9 மி.மீ. பிஸ்டல் ஒன்று வீட்டில் உள்ளது. இருவரும் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு, அன்றைக்கு வெளியே போகிறவர் யாரோ அவர் அதை ஆடைக்குள் மறைத்து எடுத்துப் போகலாமா? இல்லை, ஆளுக்கொன்று வேண்டுமா?"

டெக்சஸ் சட்டம் இதைத் தடுக்கவில்லை. ஆனால் ஒரு துப்பாக்கி ஒரு கைக்குத்தான் சரியாகப் பொருந்தும். ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்கும். கை மாறும் ஒவ்வொரு முறையும் தவறுக்கு ஒரு வாய்ப்பு உண்டாகும். இரண்டாவது வாங்கப் பணம் சேரும்வரை ஓரிரு மாதம் பகிர்ந்துகொள்வது சரி. நிரந்தர ஏற்பாடாக நான் சொல்ல மாட்டேன்.

முதலில் சட்டம். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் ஓர் ஆளுக்கும் குறிப்பிட்ட ஆயுதத்துக்கும் சேர்த்துத் தரப்படுவது. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு "கணவர் பெயரில் இருக்கிறதே" என்ற கவலை வருவது இயல்பு. டெக்சஸில் கைத்துப்பாக்கிக்குப் பதிவேடு கிடையாது. கடையில் வாங்கும்போது நிரப்பும் 4473 படிவம் அந்த விற்பனைக்கான ஆவணம். அதற்குப் பிறகு யார் கையில் இருக்கலாம் என்பதை அது தீர்மானிப்பதில்லை. தவிர, டெக்சஸ் கணவன் மனைவி சொத்தைப் பொதுச் சொத்தாகப் பார்க்கும் மாநிலம். திருமணத்துக்குப் பின் சம்பாதித்த பணத்தில் வாங்கியது பொதுவாக இருவருக்கும் சொந்தம். துப்பாக்கியை எடுத்துச் செல்ல மாநிலம் கொடுக்கும் எல்.டி.சி. (License to Carry) லைசென்ஸிலும் எந்தத் துப்பாக்கி என்ற குறிப்பு இல்லை, தகுதி ஆளுக்குத்தான்.

2021 செப்டம்பர் 1 முதல் 21 வயதான, சட்டத் தடை எதுவும் இல்லாதவர்கள் லைசென்ஸே இல்லாமல் டெக்சஸில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். அப்படியிருந்தும் இருவரும் லைசென்ஸ் எடுங்கள். காரணம் பள்ளிக்கூடம். பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம், அதாவது அமெரிக்க மத்திய அரசின் சட்டம், தடை செய்கிறது. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு உண்டு. லைசென்ஸ் இல்லாதவர் என்றால் தோட்டா நீக்கிய துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். பகிர்ந்துகொள்ளும் வீடுகளில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். கணவர் லைசென்ஸ் உள்ளவர். நேற்று இரவு காரில் விட்டுவிட்டார். காலையில் மனைவி அதே காரில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார், அவருக்கு லைசென்ஸ் இல்லை. உள்ளே துப்பாக்கி இருப்பது தெரிந்தே ஓட்டினால், பள்ளி வாசலுக்குப் போகும் முன்பே அது கூட்டரசுக் குற்றம். எல்.டி.சி. கட்டணம் 40 டாலர். சுடும் தேர்வு 3, 7, 15 கெஜ தூரத்தில் 50 தோட்டா. 250 மதிப்பெண்ணில் 175 எடுத்தால் தேர்ச்சி. இருவரும் பகிரப்போகும் அதே துப்பாக்கியால் தேர்வு எழுதுங்கள். யாருக்கு அது பொருந்தவில்லை என்பது 15 கெஜத்தில் தாளிலேயே தெரிந்துவிடும்.

மாநிலம் மாறினால் இந்தப் பதில் தலைகீழாகலாம். கலிஃபோர்னியாவில் லைசென்ஸிலேயே துப்பாக்கியின் தயாரிப்பு, மாடல், வரிசை எண் எழுதப்படும். 2024 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்த எஸ்.பி. 2 சட்டத்தின்படி, மாநில அரசின் நீதித் துறை (Department of Justice) வைத்திருக்கும் பதிவில் உங்கள் பெயரில் இல்லாத துப்பாக்கியை நீங்கள் மறைத்து எடுத்துச் செல்ல முடியாது. கணவன் மனைவிக்குள் கடையில் போய் நிற்காமலே மாற்றிக்கொள்ள வழி உண்டு: பெறுபவர் முதலில் பாதுகாப்புச் சான்றிதழ் எடுத்துவிட்டு, பெற்ற 30 நாளுக்குள் படிவம் அனுப்ப வேண்டும். ஆனால் மாற்றியபின் பதிவு புதியவர் பெயருக்குப் போய்விடும், ஆகவே பகிர்தல் என்ற பேச்சே அங்கு எழாது. நியூயார்க்கிலும் ஒவ்வொரு கைத்துப்பாக்கியும் லைசென்ஸில் ஏற வேண்டும். ஒரே துப்பாக்கியைத் தம்பதியர் இருவரின் லைசென்ஸிலும் ஏற்றித் தரும் கவுண்டிகள் அங்கே உண்டு, அப்படி ஏறும்வரை மற்றவர் அதைத் தொடக்கூடாது. மிச்சிகனில் பிஸ்டலுக்குப் பதிவு இருந்தாலும், மறைத்து எடுத்துச் செல்லும் லைசென்ஸ் உள்ளவர் மற்றொருவருக்குச் சட்டப்படி உரிய பிஸ்டலை எடுத்துச் செல்லலாம். இலினாயில் இருவருக்கும் தனித்தனியாக ஃபாய்ட் (FOID) எனப்படும் துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை வேண்டும். வீடு மாற்றும்போது இதை மறுபடி பார்க்காமல் விடாதீர்கள்.

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் விசா. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டரசுச் சட்டம் 922-ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கை நம்பி இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவில் இறங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். கணவரிடம் கிரீன் கார்டு, மனைவி எச்-4 என்ற நிலையில் இருக்கும் வீட்டில் சிக்கல் இன்னும் நுட்பமானது. "வைத்திருப்பது" என்றால் கையில் பிடித்திருப்பது மட்டும் இல்லை. துப்பாக்கியைப் பூட்டிவைத்த பெட்டியைத் திறக்கும் எண் தெரிந்து, நினைத்தால் எடுக்கக்கூடிய நிலையில் இருப்பதையும் நீதிமன்றம் அப்படிக் கருத முடியும். அந்த வீட்டில் பெட்டியின் எண் கணவருக்கு மட்டுமே தெரிய வேண்டும், பகிர்தல் கூடவே கூடாது. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால், கிரீன் கார்டு உள்ளவரையும் நாடு கடத்த அது ஒன்றே போதுமான காரணம். குடும்ப வன்முறை வழக்கில் சிறு குற்றத்துக்காகவேனும் தண்டனை பெற்றவர், நீதிமன்றப் பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்டவர், கஞ்சா பயன்படுத்துபவர் ஆகியோரும் அதே 922-ஆம் பிரிவில் வருவார்கள். மாநிலம் கஞ்சாவை அனுமதித்தாலும் கூட்டரசுச் சட்டம் அனுமதிப்பதில்லை. தடை உள்ள துணைக்காக மற்றவர் போய் வாங்கிக் கொடுப்பது தனிக் குற்றம். தடை இல்லாத துணைக்கு உண்மையான பரிசாக வாங்கிக் கொடுப்பதில் தவறில்லை.

சட்டம் இத்தோடு போதும். நடைமுறையில் பகிர்தல் தோற்பது பெரும்பாலும் கை அளவில்தான்.

பொருத்தம் பார்க்கும் முறை எளிது. தோட்டா இல்லை என்று இருவரும் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள தசை, பிடியின் பின்பக்கத்தில் எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே இருக்கட்டும். குழல் முன்கையோடு ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். அந்த நிலையில் ஆள்காட்டி விரலின் முதல் சதைப்பகுதி ட்ரிகரின் முகத்தில் இயல்பாக உட்கார வேண்டும். விரல் எட்டாமல் பிடியைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் எட்டுகிறது என்றால், சுடும்போது அதிர்ச்சி உள்ளங்கைக்குப் போகாமல் பெருவிரல் மூட்டில் இறங்கும். குண்டும் ஒரு பக்கமாக ஒதுங்கும். பல பிஸ்டல்களுடன் பிடியின் பின்பக்கத்தில் மாற்றிப் பொருத்தும் துண்டுகள் வருகின்றன. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்&பி, கிளாக்கின் 4, 5-ஆம் தலைமுறை ஆகியவற்றில் இந்த வசதி உண்டு. கை மாறும்போதெல்லாம் அதைக் கழற்றி மாட்ட யாருக்கும் பொறுமை இருக்காது. சின்னக் கைக்குப் பொருந்தும் துண்டை மாட்டி அப்படியே விட்டுவிடுங்கள். பெரிய கை சின்னப் பிடியைச் சமாளிக்கும். சின்னக் கையால் பெரிய பிடியைச் சமாளிக்க முடியாது. பகிர்வதற்கென்றே ஒன்று வாங்குவதானால் இதே விதிதான்: சின்னக் கை உள்ளவர் தேர்ந்தெடுக்கட்டும்.

சின்னக் கை என்றவுடன் கடைக்காரர் மிகச் சிறிய ரிவால்வரை எடுத்து நீட்டுவார். வாங்காதீர்கள். 425 கிராம் எடையுள்ள ஐந்து தோட்டா ரிவால்வர் அதிர்ச்சியை முழுக்கக் கைக்கே கொடுக்கும். அதன் ட்ரிகரை இழுக்க 5 கிலோவுக்கு மேல் விசை வேண்டும். வெளியே சுத்தியல் இல்லாத சாதாரண ஸ்ட்ரைக்கர் வகை பிஸ்டலுக்கு இரண்டரை கிலோ போதும். துப்பாக்கி சிறிதாக ஆக ஸ்பிரிங் இறுக்கமாகும், ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை, இழுப்பதும் கடினமாகும். கிளாக் 43எக்ஸ், சிக் பி365 எக்ஸ்எல் அளவு, அதாவது மெல்லிய உடலும் முழு விரல்களும் பிடிக்கும் நீளமும் உள்ளவை, இருவருக்கும் இடைப்பட்ட நல்ல தேர்வு. கையில் வலுவே இல்லை என்றால் ஷீல்டு ஈ.இசட். போல ஸ்லைடு எளிதாக இழுபடும்படி வடிவமைத்தவை இருக்கின்றன.

"எனக்கு ஸ்லைடு இழுக்க வரவில்லை" என்று சொல்பவர்களில் பலருக்குக் குறை வலுவில் இருப்பதில்லை, முறையில்தான் இருக்கும். துப்பாக்கியை மார்புக்கு அருகில் கொண்டுவாருங்கள். குழல் பாதுகாப்பான திசையில் இருக்கட்டும், விரல் ட்ரிகருக்கு வெளியே. மற்றக் கையின் நான்கு விரல்களாலும் உள்ளங்கையாலும் ஸ்லைடின் பின்பகுதியை மேலிருந்து கவ்விப் பிடியுங்கள். பிடித்த கை அசையாமல் நிற்கட்டும், பிடியுள்ள கையால் துப்பாக்கியை முன்னால் வேகமாகத் தள்ளுங்கள். கடைசியில் ஸ்லைடை விட்டுவிட வேண்டும். கையோடு சேர்த்து முன்னால் கொண்டுபோனால் தோட்டா பாதியில் மாட்டும். இலேசான பிஸ்டலை மணிக்கட்டு தளர்வாகப் பிடித்துச் சுட்டாலும் வெற்றுக் கூடு வெளியே விழாமல் சிக்கும். "இவர் சுட்டால் ஓடுகிறது, நான் சுட்டால் சிக்குகிறது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் அதுதான்.

ஒருவர் இடக்கைக்காரர் என்றால் இன்னொரு சிக்கல். மேகசினை (பிடிக்குள் செருகும் தோட்டாக் கூட்டை) விடுவிக்கும் பொத்தானைப் பக்கம் மாற்றும் வசதி பலவற்றில் உண்டு, ஆனால் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அதை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். வலக்கைக்காரருக்கு விட்டுவிட்டு, இடக்கைக்காரர் ஆள்காட்டி விரலால் அழுத்தப் பழகட்டும். அந்த விரல் நன்றாகவே எட்டும். தனி சேஃப்டி லீவர் உள்ள துப்பாக்கியென்றால், அதை இருவரும் ஒரே மாதிரி பயன்படுத்த வேண்டும். ஒருவர் போட்டும் மற்றவர் போடாமலும் வைத்திருந்தால், எடுக்கும்போது லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குறி பார்க்க உதவும் முனைகளை (சைட்) நகர்த்தும் சண்டையும் வரும். ஒருவர் சுட்டால் இடப்பக்கம் போகிறது என்பதற்காக அவற்றை நகர்த்தாதீர்கள். அது பெரும்பாலும் ட்ரிகர் விரலின் தவறு. சிவப்புப் புள்ளிக் காட்டி (ரெட் டாட்) இருந்தால், அதை நன்றாகச் சுடுபவர் ஒருமுறை சரிசெய்தால் இருவருக்கும் பொருந்தும்.

உறையைப் பகிராதீர்கள். துப்பாக்கி ஒன்று, உறை இரண்டு, பெல்ட் இரண்டு. அந்த மாடலுக்கென்றே வார்த்த, ட்ரிகர் வளையத்தை முழுக்க மூடும் கைடெக்ஸ் (கெட்டிப் பிளாஸ்டிக்) உறைதான் வேண்டும். ஆண்கள் பேன்ட்டுக்கும் பெண்கள் பேன்ட்டுக்கும் இடுப்பு உயரம் வேறு, பெல்ட் நிற்கும் இடம் வேறு, இடுப்பெலும்பின் வளைவும் வேறு. கணவருக்கு வலப்பக்கப் பின்புறத்தில் நன்றாக மறையும் உறை, மனைவிக்குப் பிடியை வெளியே தள்ளித் துணியைத் தூக்கிக் காட்டும். சல்வாருக்கோ நாடா கட்டிய பேன்ட்டுக்கோ பெல்ட்டே கிடையாது. அங்கே உடம்பில் தனியாகக் கட்டும் பட்டையோடு கைடெக்ஸ் ஓடு சேர்ந்த அமைப்பு வேண்டும், ஃபில்ஸ்டர் எனிக்மா அப்படி ஒன்று. வெறும் துணிப் பட்டைக்குள் துப்பாக்கியைச் செருகுவது கூடாது. துணி வழியாகவே ட்ரிகர் அழுந்தும். கைப்பையில் போட்டுக்கொள்வதை நான் எதிர்க்கிறேன். பை பிடுங்கப்பட்டால் துப்பாக்கியும் போகும், நாற்காலியில் வைத்த பையில் குழந்தையின் கை முதலில் போகும்.

இப்போது கை மாற்றுவது. இந்தப் பகுதியை இரண்டுமுறை படியுங்கள். நோக்கமில்லாமல் வெடிப்பது பெரும்பாலும் எடுக்கும்போதும் வைக்கும்போதும் தோட்டா இறக்கும்போதும்தான். பகிர்வதால் அந்தத் தருணங்கள் பெருகுகின்றன.

வீட்டில் ஒரே ஒரு இடத்தை நிர்ணயம் செய்யுங்கள். குழல் பார்க்கும் திசையில் குண்டு தாண்டாத எதாவது இருக்கட்டும், மணல் நிரப்பிய வாளிகூடப் போதும். வெளியிலிருந்து வந்தவர் உறையோடு கழற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். அடுத்தவர் எடுத்துப் போகும்போது, தன் உறையை இடுப்பில் மாட்டாமல் கையில் வைத்தபடி, அதற்குள் துணியோ நாடா நுனியோ இல்லை என்று பார்த்துவிட்டு, துப்பாக்கியை அதற்குள் செலுத்தட்டும். பிறகு துப்பாக்கியோடு சேர்ந்த உறையை இடுப்பில் மாட்டட்டும். குழல் தொடையையும் வயிற்றையும் நோக்கியபடி துப்பாக்கியை நுழைக்கும் ஆபத்து இதனால் நீங்கும். கையிலிருந்து கைக்கு நேராகக் கொடுக்க வேண்டுமென்றால் மேகசினை முதலில் கழற்றி, பிறகு ஸ்லைடை இழுத்துப் பின்னால் பூட்டி, சேம்பரை (குழலின் பின்முனையில் சுடவிருக்கும் தோட்டா நிற்கும் அறையை) இருவரும் பார்த்துத் தொட்டுவிட்டுக் கொடுங்கள். வரிசையை மாற்றி ஸ்லைடை முதலில் இழுத்தால், மேகசின் புதிய தோட்டாவை ஏற்றிவிடும். பின்னர் மேகசினைக் கழற்றிவிட்டு "காலி" என்று நினைப்பார்கள், சேம்பரில் ஒன்று காத்திருக்கும். கிளாக் போன்றவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்ய ட்ரிகரை ஒருமுறை அழுத்தியே ஆக வேண்டும் என்பதால் இந்தத் தவறு உயிரைக் கேட்கும். காரில், பார்க்கிங்கில், "இறங்கிக்கோ, இதை நீ வச்சுக்கோ" என்ற கைமாற்றம் வேண்டவே வேண்டாம்.

சேம்பரில் தோட்டா இருக்குமா இருக்காதா என்பதை இருவரும் ஒன்றாக முடிவு செய்து அதையே என்றும் கடைப்பிடிக்க வேண்டும். ஒருவர் ஏற்றி வைத்துவிட்டுப் போக, மற்றவர் காலி என்று நம்பி எடுப்பதைவிட மோசமானது எதுவுமில்லை. சேம்பர் நிலையைக் காட்டும் சின்னக் குறிகளை நம்பாதீர்கள், கண்ணால் பாருங்கள்.

அடிக்கடி இறக்கி ஏற்றுவதால் இன்னொரு தீங்கும் உண்டு. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்பச் சேம்பரில் ஏற்றினால், முன்னால் உள்ள குண்டு சிறிது சிறிதாகக் கூட்டுக்குள் அமிழும். உள்ளே இடம் குறையக் குறைய வெடிக்கும்போது அழுத்தம் ஏறும், 9 மி.மீ. போன்ற சிறிய கூட்டில் வேகமாக ஏறும். ஏற்றி இறக்கிய தோட்டாவைப் புதியதன் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து உயரம் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் மீண்டும் ஏற்றாமல் அப்புறப்படுத்துங்கள். இரண்டு மூன்று முறை சேம்பர் ஏறியதைப் பேனாவால் குறித்துப் பயிற்சிக்கு அனுப்பிவிடுங்கள். உறையோடு மாற்றும் வழக்கம் இருந்தால் தோட்டாவை இறக்கவே தேவையிருக்காது, இந்தச் சிக்கலும் வராது.

பெட்டிக்கு எந்திரப் பொத்தான் பூட்டு நல்லது. விரல் ரேகைப் பூட்டு எண்ணெய்க் கையையோ ஈரக் கையையோ அடையாளம் காணாமல் போகலாம். பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து சோதித்துப் பாருங்கள். விளக்கணைத்த இருட்டில் இருவரும் திறந்து பழகுங்கள். வீட்டில் 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை இருந்தால், தோட்டாவோடு கைக்கெட்டும்படி அலட்சியமாக விட்டுவைப்பதே டெக்சஸில் குற்றம். பெட்டியில் துப்பாக்கி இருக்கிறதா இல்லையா என்பது வீட்டில் இருப்பவருக்குத் தெரியவேண்டும். இரவு இரண்டு மணிக்குப் பெட்டியைத் திறந்து, அது கணவரோடு ஆஸ்டினில் இருப்பதைக் கண்டுபிடிக்கக் கூடாது. பெட்டியின் மேல் ஒரு அட்டை, யாரிடம் என்று பெயர், அவ்வளவு போதும்.

சங்கடமான ஒன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவர் ஆழ்ந்த மனச்சோர்வில் இருந்தால், வேலை போயிருந்தால், பிரிவுப் பேச்சு நடந்தால், எண் இருவருக்கும் தெரிந்த பெட்டி பாதுகாப்பில்லை. எண்ணை மாற்றுங்கள், அல்லது துப்பாக்கி சில காலம் வீட்டை விட்டு வெளியே இருக்கட்டும். 988 என்ற அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில் எந்நேரமும் பேச ஆள் கிடைக்கும்.

தற்காப்புக்காகச் சுட நேர்ந்தால் காவல்துறை அந்தத் துப்பாக்கியைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளும். எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. பகிரும் வீட்டில் அன்றோடு இருவருக்கும் ஒன்றுமில்லை. வரிசை எண்ணை வேறோர் இடத்தில் எழுதிவையுங்கள். திருடு போனாலும் உதவும்.

இரண்டாவது வாங்கும்போது அதே தயாரிப்பு, அதே மாடல் வாங்குங்கள். மேகசினும் தோட்டாவும் பொதுவாகும், சிக்கினால் சரிசெய்யும் முறையும் ஒன்றே. காவல்துறை மாற்றிக் கொடுத்த பழைய பிஸ்டல்கள் புதியதைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில் வருகின்றன. ஸ்பிரிங்கை மாற்றிவிட்டால் பெரும்பாலும் நன்றாக ஓடும், ஆனால் அவை பெரிய உருவம், வீட்டுப் பெட்டிக்குப் பொருத்தமானவை. அதுவரை முடிந்தமட்டும் ஒருவர் மட்டும் வெளியே எடுத்துச் செல்லட்டும், மற்றவர் மாதம் ஒருமுறை அதே துப்பாக்கியால் 50 தோட்டாவாவது சுட்டுப் பழகட்டும். எடுத்துச் செல்பவர் யார் என்பதை அதிகம் தனியாக வெளியே போகிறவர் யார் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.